கிராப்பெல்லி வயலினைக் கீழே வைக்கவே இல்லை
ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1953ல் இறந்ததும், அவரோடு ஜோடியாக வாசித்த பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வாசிப்பதையே விட்டுவிட்டார், வயதான பிறகு பழைய பெயரை வைத்துத்தான் மேடை ஏறினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. அந்த ஜோடி 1939லேயே பிரிந்துவிட்டது, போர் வந்தபோது கிராப்பெல்லி லண்டனில் தங்கிவிட்டார், ஜாங்கோ பிரான்சுக்குத் திரும்பினார், 1946ல் மறுபடி சேர்ந்து பதிவு செய்தார்கள். அதற்கப்புறமும் கிராப்பெல்லி சும்மா இல்லை, பாரிஸில் உள்ள ஹில்டன் ஹோட்டலில் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார், 1969ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டனோடு ஒரு ஆல்பமும் பதிவு செய்தார். புகழ்தான் கொஞ்சம் மங்கியிருந்தது, வாசிப்பு நிற்கவில்லை.

1973ல், 65 வயதில், கிதார் கலைஞர் டிஸ் டிஸ்லியின் குழுவின் கிதார்களோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார் பாருங்கள், அங்கேதான் இளசுகள் கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. டிரம்ஸே கிடையாது, கிதார்களின் வெட்டித் தட்டும் தாளத்தில்தான் ஸ்விங் (ஜாஸுக்கே உரிய துள்ளல் நடை) ஓடும், அதன் மேல் வயலின் சறுக்கிக்கொண்டு போகும். பழைய பெயர் மட்டும் என்றால் மேற்கத்திய செவ்வியல் இசையின் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் எதற்கு அவரோடு உட்கார்ந்து ஜாஸ் வாசிக்கிறார்? நம் எல். சுப்பிரமணியம்கூட 1984ல் அவரோடு சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார் (கேட்காதவர்கள் கேளுங்கள்). 1997 டிசம்பரில், 89 வயதில் இறந்தார். எண்பதைத் தாண்டியும் கச்சேரி செய்தவரை ஓய்வு பெற்றவர் என்கிறீர்களே!