அம்மாவுக்கு ஓர் ஆணி

போன மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஹாலில் இருந்த படங்களையெல்லாம் இறக்கிக் கட்டில்மேல் அடுக்கியபோது, படம் இருந்த இடங்களில் மட்டும் பழைய நிறம் மங்காமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எண்ணினேன். 11 கட்டம். தாத்தா, பாட்டி, அப்பாவின் பட்டமளிப்புப் படம், அவர் வேலையில் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ், அண்ணன் பரிசு வாங்குவது, நான் பட்டம் வாங்கியது, பேரப்பிள்ளைகள். இத்தனையில் அம்மா இருந்தது ஒன்றே ஒன்றில்தான். கல்யாணப் போட்டோ.

அம்மா இந்த வீட்டுக்கு வந்து 42 வருஷம் ஆகிறது.

வீட்டுச் சுவரைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் ரசனை தெரியும், பண்பாடு தெரியும் என்பார்கள். உண்மைதான். சாமி படமா, தலைவர் படமா, இயற்கைக் காட்சியா என்று வாசலில் நின்றே கண்டுகொள்ளலாம். ஆனால் நான் கேட்பது வேறு. அதையெல்லாம் மாட்டியது யார்? ஆணி அடிக்கும் உரிமை எவர் கையில் இருந்ததோ, அவருடைய அடையாளம்தான் சுவருக்கு வந்திருக்கிறது. மற்றவர்களுடையது பீரோவுக்குள் போயிருக்கிறது.

பீரோ என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அதே பெயின்ட் வேலைக்காகப் பீரோவை நகர்த்தும்போது, அடித்தட்டில் பாலித்தீன் கவருக்குள் மடித்து வைத்த வெள்ளைத் துணி ஒன்று கிடைத்தது. கொடியில் இரண்டு கிளிகள். கொடிக்குக் காம்புத் தையல், இறக்கைக்குச் சங்கிலித் தையல். மடிப்பு விழுந்த இடம் பழுப்பேறியிருந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம்கூட ஒரு முடிச்சு துருத்தவில்லை. ஒரு கிளிக்கு மட்டும் கண் இல்லை. ஊசியைக் குத்தி விட்டிருந்த இடத்தில் துருக்கறை.

"19 வயசுல போட்டது. கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, அப்படியே வச்சுட்டேன்" என்றார் அம்மா. இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கு எம்பிராய்டரி தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. என் பட்டத்தை ஃபிரேம் போட்டு நடு ஹாலில் மாட்டியவன் நான். அம்மாவிடம் மாட்ட எதுவும் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதை எழுதும்போதும் வலிக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் என்டெபெலே மக்களைப் பற்றிப் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. 1883-இல் போரில் தோற்று, நிலத்தை இழந்து, வெள்ளையர் பண்ணைகளில் கொத்தடிமைகளாகச் சிதறிப்போனவர்கள். அதற்குப் பிந்தைய தலைமுறைகளில்தான் அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு கட்டிய வண்ணக் கோலங்கள் அப்படிப் பூத்தன. வரைந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். 1935-இல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு, பத்து வயதில் தாயிடமும் பாட்டியிடமும் இதைக் கற்றவர். அளவுகோல் வைக்காமல் கோழி இறகால் நேர்கோடு இழுப்பார். 1991-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் அவரை அழைத்து ஒரு காரில் அதே கோலத்தை வரைய வைத்தது. வீட்டுச் சுவர் பெண் கையில் இருந்தால் அவள் கைவேலை எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்.

இப்போது புது வீடுகளில் சோபா நிறத்துக்குத் தோதாக இன்டீரியர் செய்பவரே படத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருக்கும் ஒருவர்கூட அந்தச் சுவரில் இல்லை. வாடகை வீட்டுக்காரர்கள் பாவம், அவர்களுக்கு ஆணி அடிக்கவே அனுமதி கிடைப்பதில்லை.

துணியைத் துவைக்காமல், கறையோடு, அந்தக் கண் இல்லாத கிளியோடு அப்படியே கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். "இதெல்லாம் எதுக்குப்பா, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றார். என் பட்டம் இருந்த இடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கு, நான் உட்கார்ற இடத்துல இருந்து தெரியணும்" என்றார்.

ஆணியைப் பிடுங்கி இறக்கி அடித்தேன்.