வகுப்பில் பிள்ளைகள் எதில் வேறுபடுகிறார்கள்?

பத்து விரல்களின் ரேகையையும் கருவியில் பதிந்துகொண்டு, பிள்ளையின் மூளை எந்த வகையைச் சேர்ந்தது என்று வண்ண அறிக்கை அச்சிட்டுத் தரும் வியாபாரம் இப்போது வடசென்னையின் வண்ணாரப்பேட்டை வரைக்கும் வந்துவிட்டது. எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் தாய் ஒருவர், மகனுடைய பள்ளியின் வழியாகப் பணம் கட்டி வாங்கிய அப்படிப்பட்ட அறிக்கையை என்னிடம் காட்டினார். பையன் ‘பார்த்துக் கற்பவன்’ என்றும், அவனுக்குக் கணிதத் திறன் குறைவு என்றும், பெரியவனானால் வணிகம் படிக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. பையன் ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறான். கருவிலேயே உருவாகிவிடும் விரல்ரேகையைப் பார்த்து ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வருமா வராதா என்று சொல்வதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. பள்ளியின் பெயரால் இது விற்கப்படுவதால்தான் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள்.

அந்தத் தாயை மட்டும் குறை சொல்ல முடியாது, ஏனெனில் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்ற ‘கற்றல் பாணி’ப் பிரிவினையைப் பி.எட். வகுப்பில் நாங்களும் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினோம். ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் இதற்கான ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்து, பிள்ளையின் ‘வகை’க்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பலர் இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை (அறிவு ஒன்றல்ல, பல வகை என்பது) 1983இல் முன்வைத்த உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரே, தான் சொன்னது வேறு, கற்றல் பாணி என்பது வேறு என்று விளக்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் இந்த மூன்று வகைப் படம் இன்னமும் திரையில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்காக எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல என்று நான் சொல்லவில்லை. தண்டையார்பேட்டையில் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் ஆறு முதல் எட்டு வரை கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரே வகுப்பில் தசமப் பெருக்கலைச் சிரமமின்றிச் செய்கிறவனும், இரண்டிலக்கக் கழித்தலில் தடுமாறுகிறவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பாடம் நடத்தும்போது எனக்கு உதவுகிற வேறுபாடு, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்தப் படியில் கால் நழுவியது என்பதுதான். கற்றலைப் பாதிக்கும் காரணிகளில் இதற்கே முதலிடம் என்று உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இலேயே எழுதிவிட்டார்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். மாலையில் காசிமேட்டில் பாட்டியின் மீன் கூடைக்குப் பக்கத்தில் இருப்பான். கிலோ 340 ரூபாய்க்குச் சங்கரா மீன் ஒன்றரைக் கிலோ வாங்கி இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளாக நீட்டுகிறவரிடம், 510 போக 490 என்று தாள்களை எண்ணி முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்டால், 510இலிருந்து 600க்குத் தொண்ணூறு, அங்கிருந்து ஆயிரத்துக்கு நானூறு என்கிறான். இதே 1000 − 510 என்பதை நோட்டில் எழுதிக் கொடுத்தபோது அவன் போட்ட விடை 1510. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருந்தான்; ஆயிரங்களின் இடத்தில் கழிக்க ஒன்றும் இல்லாததால் ஒன்று அப்படியே கீழே இறங்கிவிட்டது. அவனுடைய மற்றக் கணக்குகளைப் புரட்டினேன். 402 − 178க்கு விடை 376. எல்லாவற்றிலும் அதே விதி, ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. பிள்ளைகளின் கழித்தல் பிழைகளில் பல கவனக்குறைவால் வருபவையல்ல, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978இல் காட்டியது இதைத்தான். ‘கவனமா போடுடா’ என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பையன் அதே விதியை இன்னும் கவனமாகப் பின்பற்றுவான்.

சந்தைக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக் கணக்குத் தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் சிறார்களிடம் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியானது. கடையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே முடித்த பிள்ளைகள், ஏட்டுக் கணக்கைக் கொடுத்ததும் திணறினார்கள். ஏட்டில் நன்றாகப் போட்ட பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு கரைக்கும் நடுவே பாலம் போடும் வேலை ஆசிரியருடையது, பாடநூலில் அதற்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

எங்கள் பள்ளிகளில் நடப்பது வேறு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை ‘மெல்லக் கற்போர்’ என்று பிரித்து, மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். அங்கே காலையில் புரியாத அதே பாடத்தை, அதே முறையில், களைத்துப்போன பிள்ளைக்கு மறுபடி நடத்துகிறோம். பத்தாம் வகுப்பாக இருந்தால் முக்கிய வினாக்களை மட்டும் உருப்போட வைக்கிறோம். அந்தப் பட்டியலில் எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவன் இருக்கிறான், வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழில் படிக்கும் கொருக்குப்பேட்டைப் பிள்ளை இருக்கிறாள், தூரத்துக் கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிறவன் இருக்கிறான், கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் இரவு தூங்காதவளும் இருக்கிறாள். இத்தனை பேருக்கும் ஒரே பெயர், ஒரே மருந்து. காரணம் கேட்டால் ‘ஏரியா அப்படி சார்’ என்று ஆசிரியர் அறையில் ஒரு பதில் தயாராக இருக்கும். நகரின் தென்கோடியில் பணிபுரியும் நண்பர்களிடம் இந்தப் பதிலை நான் கேட்டதே இல்லை, அங்கேயும் இதே 1510 போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வழி தெரியாத ஊரும் அல்ல இது. 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியதே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான். அட்டைகளும் கற்றல் ஏணியும் பாயும், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையும் வைத்து, ஒவ்வொருவரும் தன் படியிலிருந்து ஏறலாம் என்று ஒப்புக்கொண்ட முறை அது. பின்னர் அது சடங்காகச் சுருங்கியதற்குப் பதிவேட்டு வேலையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. 2025–26இல் ‘திறன்’ திட்டம் அதே சிந்தனையை ஆறு முதல் ஒன்பது வரை கொண்டுவந்திருக்கிறது. நான் வரவேற்கிறேன். ஆனால் நிலை என்பது மாறக்கூடியது என்பதை மறந்துவிட்டால், மூன்று மாதத்தில் அரும்பும் ஒரு பட்டப்பெயராகிவிடும்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் கதை தனி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) போன்றவையும் அடங்கும், தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகளும் உண்டு. அந்தச் சலுகைக்கான சான்றிதழுக்கு அலைய ஒரு நாள் கூலியை விடமுடியாத வீட்டுப் பிள்ளை மட்டும் சோம்பேறி என்ற பெயரோடு எட்டாவது தாண்டுகிறான்.

நாற்பது நிமிடப் பீரியடில் நாற்பது பேரையும் தனித்தனியாக ஆராய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஜூனில் முதல் இரண்டு வாரம் பாடத்தைத் தொடங்காமல் பிள்ளைகளின் தவறுகளைப் படிக்கத் தலைமையாசிரியர்கள் அனுமதித்தால் பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்றும் செய்யலாம். ஐந்தாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் வலது முழங்கையில் மச்சம் என்று அங்க அடையாளம் இருக்கிறது, நடத்தை நன்று என்று இருக்கிறது. எதுவரை படிக்கத் தெரியும், கழித்தலில் எங்கே நிற்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளை கைப்பட எழுதிய ஒரு பத்தியையும் தவறாகப் போட்ட மூன்று கணக்குகளையும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அரைத்தாளில் சான்றிதழுடன் குத்தி அனுப்பினால் போதும், அதற்குத் தனிச் செயலியோ அரசாணையோ வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் மாநகராட்சித் தொடக்கப்பள்ளிகளில் பணிபுரியும் நண்பர்கள் இதைப் படித்தால், வரும் ஏப்ரலில் செய்து பார்க்க முடியுமா என்று சொல்லுங்கள்.