எந்த உப்பு என்று யாரும் கேட்கவில்லை

தங்கச்சிக்கு இது நாலாவது மாசம். சென்னையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாம்பாருக்கு உப்புப் போடலாம் என்று டப்பாவைத் திறந்தால், உள்ளே ரோஸ் கலரில் இந்துப்பு.

"சாதா உப்பு எங்கட்டி?"

"மாமாவுக்கு பிரஷர் இருக்குல்லாக்கா. ஆறு மாசமா எல்லாருக்கும் இதுதான்."

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாங்கள் பிறப்பிலேயே சைவம், மீனும் முட்டையும் வீட்டுப் பக்கமே வராது. பால் வாடை பட்டாலே குமட்டுகிறது என்று ரெண்டாவது மாசத்தோடு நிறுத்தியிருக்கிறாள். தயிர், மோரும் அதோடு போச்சு. காபிக்குப் பாக்கெட்டில் வருகிற பாதாம் பால், யாரோ யோகா டீச்சர் சொன்னாராம். உப்பைக் குறைச்சுக்கோ என்று டாக்டரம்மா சொன்னதால் கையும் சுருங்கிவிட்டது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் அவள் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்த ஆள்தான் இல்லை. நமக்கு அயோடின் வருவதே பெரும்பாலும் அயோடின் கலந்த உப்பு, பால், முட்டை, மீன் இவற்றில் இருந்துதான். இவளுக்கு நாலும் இல்லை.

சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். வயிற்றில் பிள்ளை இருந்தால் 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி, தைராக்சின் என்கிற ஹார்மோனைச் செய்வது அயோடினை வைத்துத்தான். கர்ப்ப காலத்தில் அம்மாவின் தைராய்டு வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை பார்க்கவேண்டும், சிறுநீரில் அயோடின் போவதும் அப்போது கூடுதல். முதல் மூணு மாசம் பிள்ளைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது. மூளை உருவாகிற அந்த நாட்களில் அம்மாவுடைய தைராக்சினை நம்பித்தான் இருக்கிறது. மசக்கையில் ஒரு வாய் சோறு இறங்காத மாசங்களும் அவைதான்.

"தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சுக்கா, நார்மல்" என்றாள். படித்த பிள்ளைகளே இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அயோடின் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது, அந்த டெஸ்டில் பார்க்கிற டி.எஸ்.ஹெச். என்கிற ஹார்மோன் அளவு பெரும்பாலும் நார்மலாகவே காட்டும். இருக்கிற அயோடினை வைத்து உடம்பு எப்படியாவது சமாளித்துவிடும்.

கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் பக்கத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அங்கே உப்பில் பெரும்பாலும் அயோடின் கலப்பதில்லை, ஜனங்களுக்குப் பாலில் இருந்துதான் முக்கியமாகக் கிடைக்கிறது. கர்ப்ப காலத்தின் தொடக்கத்தில் லேசான, நடுத்தரமான குறை இருந்த அம்மாக்களின் பிள்ளைகள், எட்டு ஒன்பது வயதில் மொழி சார்ந்த ஐ.க்யூவிலும் வாசிப்பிலும் கொஞ்சம் பின்தங்கி இருந்திருக்கிறார்கள். இதுதான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உப்பு டப்பாவை மாற்ற எனக்கு அதுவே போதும்.

இனி அம்மாவின் வாதம். போனில் சொன்னதும் சிரித்தாள். "தூத்துக்குடியில பொறந்துட்டு உப்புல அயோடின் இல்லங்கியே. கடல் உப்புல இல்லாததா?" என்றாள்.

நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவள் நான். வெயிலில் கண் கூசும், பாத்தியில் இருந்து வாரி வரப்பில் குவித்திருப்பார்கள், மழைக்கு முன்னால் ஓலை போட்டு அம்பாரத்தை மூடுவார்கள். அந்த உப்பில் எல்லா சத்தும் இருக்கும் என்றுதான் ஊரே நம்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணியில் உப்பு சுமார் 35 கிராம், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அது முழுசும் உப்போடு தங்கினால்கூட கிராமுக்கு ரெண்டு மைக்ரோகிராம் தேறாது. சட்டப்படி அயோடின் உப்பில் கடைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 இருக்கவேண்டும். அளத்து உப்பும் இந்துப்பும் இதன் பக்கத்தில்கூட வராது. இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். அதனால் மாமாவின் பிரஷருக்கும் அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை, தங்கச்சி வாழவேண்டிய வீடு.

"எங்க காலத்துல அயோடினா போட்டோம்? ஆறு பெத்தேன்" என்பது ஆச்சியின் கட்சி. ஆச்சி வீட்டில் ரெண்டு பசுமாடு நின்றது, அதைச் சொல்லமாட்டாள். மண்ணிலேயே அயோடின் இல்லாத ஊர்களில் கழுத்துக் கழலையோடுதான் ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பகுதிக்கு அயோடின் உப்பும் இன்னொரு பகுதிக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை மளமளவென்று குறைந்தது. 1962இல் அரசாங்கம் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனாலும் 2018-19 கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுக்க 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. பெரிய மாநிலங்களில் நாம்தான் கடைசி வரிசை. ஊருக்கெல்லாம் உப்பு விளைவித்துக் கொடுக்கிறவர்கள்! சைக்கிளில் வருகிற கல் உப்பு மலிவு, குழம்பில் ருசி, பழக்கம். ஏழைகள் அதை வாங்குவதில் எனக்குக் கோபம் இல்லை. கிலோவுக்கு அதைப்போல பல மடங்கு கொடுத்து, அயோடின் இல்லாத உப்பைத் தேடி வாங்கிவிட்டு 'இயற்கை' என்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

ஊருக்குத் திரும்பும்போது அந்த இந்துப்பில் ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்த கிராம சுகாதார நர்சு ஒருவரிடம் உப்பில் அயோடின் இருக்கிறதா என்று சோதிக்கிற சின்ன பாட்டில் உண்டு. தட்டில் ரெண்டு உப்பையும் வைத்தோம். ரேஷன் உப்பில் ஒரு சொட்டு விட்டார், நாவப்பழம் நசுங்கின மாதிரி ஊதா பரவியது. இந்துப்பில் விட்டார். ஈரமானது, அவ்வளவுதான். போட்டோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பினேன். மூணு நிமிஷம் பதில் இல்லை. அப்புறம் "இப்ப என்னக்கா செய்ய?" என்று வந்தது.

உப்பைக் கூட்டாதே, உப்பை மாத்து என்றேன். ஈரம் படாமல், அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி, மூடி போட்டு வை. குழம்பு இறக்கும்போது போடு.

ஆனால் இவள் விஷயத்தில் அது மட்டும் போதாது. டாக்டர் சொன்னபடி நாளைக்கு அஞ்சு கிராம் உப்பு என்று வையுங்கள். கிராமுக்கு 15 என்றால் 75 மைக்ரோகிராம், 30 இருந்தாலும் 150. வேகும்போது போவது தனி. பாலும் முட்டையும் இல்லாதவளுக்கு மீதி எங்கிருந்து வரும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் ஆசிடும்தான், அயோடின் இல்லை. அவளுக்கு எழுதிக்கொடுத்த விலை கூடின மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தோம், அதிலும் இல்லை.

அடுத்த செக்கப்பில் அவளே டாக்டரிடம் சாப்பாட்டுப் பட்டியலைச் சொல்லிக் கேட்டாள். டாக்டரம்மா உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாராம். பொட்டாசியம் அயோடைடு வடிவில் 150 மைக்ரோகிராம் அயோடின் உள்ள மாத்திரையாக மாற்றி எழுதிக்கொடுத்தார். அமெரிக்கத் தைராய்டு சங்கம் அங்குள்ள கர்ப்பிணிகளுக்குச் சொல்வதும் அதே அளவுதான். ஏற்கெனவே தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் வாங்கி விழுங்காதீர்கள். ஆன்லைனில் விற்கிற கடல்பாசி கேப்ஸ்யூல் பக்கமே போகவேண்டாம். அதில் அயோடின் எக்கச்சக்கமாகக்கூட இருக்கும், அளவு மீறினால் பிள்ளையின் தைராய்டே படுத்துவிடும்.

எனக்கு டாக்டர்கள் மேலும் கோபம் இல்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, ஹீமோகுளோபின் எழுதுகிற நேரத்தில் இன்னும் ரெண்டு கேள்வி கேட்கலாம். வீட்டில் எந்த உப்பு? பால் குடிக்கிறாயா? கால் நிமிஷம் ஆகுமா? என் ரெண்டு பிரசவத்திலும் என்னிடம் ஒருத்தர் கேட்கவில்லை. தங்கச்சியிடமும் கேட்கவில்லை.

அவள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் அயோடின் உப்புதான். மோர் மட்டும் லேசாக இறங்க ஆரம்பித்திருக்கிறது. மிச்சமிருந்த இந்துப்பைக் கொட்ட அவள் அத்தைக்கு மனசு வரவில்லை, விலை அப்படி. ராத்திரி வெந்நீரில் போட்டு முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். கேட்குதாம்.