விழும்போது எஞ்சின் ஓடியதா?

ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் எங்கள் தெருப் பையன் பைலட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் முன்பு, அவன் ஓட்டிய சிறு விமானம் தரையை விட்டு ஏறிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது. அவன் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் "பைலட் தப்பு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதை அவன் அம்மாவும் படித்தார். எனக்கு ஆறவே இல்லை.

இத்தனை சிறிய விமானங்களில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டி இருக்காது. உடைந்து கிடக்கிற பாகங்களிடம்தான் கேட்க வேண்டும். ப்ரொப்பெல்லர் தகடுகள் முறுக்கிக்கொண்டு, குறுக்கே கீறல் விழுந்திருந்தால், தரையில் மோதும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றியிருக்கலாம். ஒரு தகடு மட்டும் பின்னால் மடங்கி, மற்றது நேராக இருந்தால், எஞ்சினில் சக்தி இருந்ததா என்று சந்தேகப்படுவார்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்ததா, எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று மாற்றும் வால்வு எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை கிலோ ஏற்றினார்கள், கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள்: இதெல்லாம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியவை.

அப்புறம் நம்ம ஊர். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். கோடை மதியம் 30 டிகிரி வெயிலில் காற்று இன்னும் மெலிந்து, 2,500 மீட்டருக்கு மேல் பறப்பதுபோல் ஆகிவிடும். எஞ்சினின் சக்தி குறையும், ஓடுபாதை அதிகம் வேண்டும், ஏற்றமும் மந்தம். டர்பன் கடற்கரையில் சுலபமாக ஏறும் அதே விமானம் இங்கே திணறும்.

தரையை விட்டு ஏறியதுமே, தாழ்வாகப் பறக்கும்போது எஞ்சின் நின்றால், ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால், எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விமானம் விழுமோ, அந்த வேகம் சுமார் 19 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் நேரே முன்னால் இறங்கு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சரி, அவன் திரும்பினான் என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஏன் நின்றது? அந்தப் பயிற்சியை அவனுக்கு எத்தனை முறை கொடுத்தார்கள்? "பைலட் தப்பு" என்றால் இந்தக் கேள்விகள் எல்லாம் மூடிப்போகும்.

சர்வதேச விதியின்படி, இந்த விசாரணை யார்மேலும் பழி சுமத்துவதற்கில்லை, அடுத்த விபத்தைத் தடுக்கத்தான். முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், முழு அறிக்கைக்கு முடிந்தால் 12 மாதம். முதல் அறிக்கையில் பெரும்பாலும் கண்டது மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. அது வந்ததும் மறுபடி தீர்ப்பு எழுத ஆரம்பிக்காதீர்கள்.

நேற்று அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு, "விழும்போது எஞ்சின் ஓடிச்சாப்பா?" என்று கேட்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் ஆன்ட்டி என்றேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.