சாவு வீட்டில் நீட்டுகிற பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

நீலகிரி மலையில் ஒரு சாலை விபத்துச் சாவு நடந்தால் மூன்றாம் நாளுக்குள் அந்த வீட்டுக்கு இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். ஒருவர், வண்டிக்காரர் சார்பில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். இன்னொருவர், பிணவறை வாசலிலேயே சொந்தக்காரர்களின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்ட புரோக்கர். இந்த இரண்டு பேரையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இருக்கும் நண்பர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

முதலாமவர் பேசுவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "வேணும்னா செஞ்சான், அக்கா? நம்ம ஊரு பையன். கேஸு, கோர்ட்டுன்னு போனா வருசக்கணக்கா இழுக்கும். இத வெச்சுக் காரியத்த முடிங்க." கையில் ஒரு கவர். கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பர். மேலே நாலு வரி டைப் அடித்திருக்கும், கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கும். எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியை நானே பார்த்திருக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்து இரண்டு நாள்கூட ஆகாத மனுஷனின் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

நம் மலையில் இது ஏன் எளிதாக நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இடித்த வண்டி பக்கத்து ஹட்டிக்காரர், அதாவது பக்கத்துப் படகர் ஊர்க்காரருடையதாக இருக்கும். அல்லது நாம் இலை பறிக்கும் தோட்டத்து முதலாளியுடையதாக இருக்கும். நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கேஸ் போட்டால் பகை வரும், பாவம் அவர் எங்கிருந்து அவ்வளவு பணம் கொடுப்பார் என்று நம் ஆட்களே பேசுவார்கள்.

இந்த இடத்தில்தான் தப்புக்கணக்கு நடக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாம் போடும் மனுவில் பணம் கொடுக்கப்போவது பெரும்பாலும் வண்டிக்காரர் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது அந்த வண்டியால் அடிபடும் வெளி ஆட்களுக்கான காப்பீடு, கட்டாயம் என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வண்டிக்காரர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவதே இதற்காகத்தான். நீங்கள் மனுப் போடாவிட்டால் மிச்சப்படுவது அவர் பணம் இல்லை, கம்பெனியின் பணம். அவர் கவரில் வைத்துக் கொடுக்கிறாரே, அதுதான் அவர் சொந்தப் பணம். மனுப் போடுவது பகை என்று நினைத்து ஒதுங்குவதால் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம்.

டிரைவர் மேல் போலீஸ் போடும் வழக்கு வேறு. இப்போது அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வரும். அதை அரசு நடத்தும். குடும்பம் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவைக்க அது சமரசத்துக்குரிய பிரிவே இல்லை. அந்த வழக்கில் டிரைவர் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு மனு அதனாலேயே விழுந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த அளவு ஆதாரம் தேவையில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் அத்தோடு எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட வேண்டாம். நடந்ததை ஒளிக்காமல் ஒரு வக்கீலிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒரு உதாரணத்துக்கு, 34 வயதுப் பெண், பச்சைத்தேயிலை பறிக்கிறவர், மாதம் 12,000 ரூபாய் சம்பாத்தியம் என்று வையுங்கள். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். வருடத்துக்கு 1,44,000. நாற்பது வயதுக்குள் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. ஆக 2,01,600. அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய கால் பங்கைக் கழித்தால் 1,51,200. சரளா வர்மா வழக்கில் 2009-ல் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்க வேண்டிய எண் 16. பெருக்கினால் 24,19,200 ரூபாய். துணையை இழந்ததற்கு, பிள்ளைகள் தாயை இழந்ததற்கு, ஈமச்செலவுக்கு என்று தனித்தனித் தொகைகள் இதற்கு மேல்.

கவரில் வந்த தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

எந்த வீட்டுக்கும் இதே தொகை வரும் என்று சொல்லவில்லை. வருமானத்தை எப்படிக் காட்டுகிறோம், இறந்தவர் மேலும் தவறு இருந்ததா என்பதைப் பொறுத்துக் குறையும் கூடும். சம்பள ரசீது இல்லையென்றாலும் மனுப் போடலாம். வீட்டு வேலை மட்டும் பார்த்த பெண்ணின் உழைப்புக்கும் ஒரு வருமானம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருமகனோடு அவர் ஆதரவில் வாழ்ந்த மாமியாரும் மனுதாரராக இருக்கலாம் என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. நம் லயன் வீடுகளில் யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

இனி நாள் கணக்கு. முன்பெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்துவிட்டார்கள். 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். நம் வீடுகளில் கருமாதி முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் நடந்து, யார் சொல்வதைக் கேட்பது என்று யோசித்து முடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். இந்தக் கெடு ஏழைகளுக்குச் செய்த அநியாயம் என்பது என் கருத்து. மாற்றும்வரை அதற்குள் முடிப்பதுதான் புத்தி. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை, இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் நகல் ஆகியவற்றை முதலில் கையில் வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு மறுநாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மலைக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. அடிபட்டவரை இங்கே முதலுதவி செய்து கோயம்புத்தூருக்கு அனுப்புவார்கள். நாலைந்து நாள் கழித்து அங்கே உயிர் போகும். இங்குள்ள ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். காயம் என்றே கிடக்கும். சாவுத் தகவல் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா, பிரிவை மாற்றினார்களா, பிரேதப் பரிசோதனை நடந்ததா என்று வீட்டில் ஒருவர் விடாமல் பார்க்க வேண்டும். உடலைச் சீக்கிரம் மேலே கொண்டுவர வேண்டும் என்ற அவசரத்தில் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். விபத்தால்தான் இறந்தார் என்று காட்ட அந்த அறிக்கையை விட்டால் வேறு பலமான ஆதாரம் கிடைக்காது.

அடுத்தது பிக்கப் வண்டி. காய்கறி மூட்டை மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவதைத் தினமும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு போனால் அவருக்கு உண்டு. அதனால் இறந்தவர் எதற்காக அந்த வண்டியில் ஏறினார் என்பதை முதல் வாக்குமூலத்திலேயே உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். பின்னால் வக்கீல் சொல்லித்தருவதை வைத்துச் சேர்க்கப் பார்த்தால் குறுக்கு விசாரணையில் உடையும்.

எதிரே வண்டியே இல்லாமல், பனியிலோ பிரேக் சூட்டிலோ கார் தானாகவே பள்ளத்தில் விழுந்தால்? கல்லட்டி மலைப்பாதையில் நாம் பார்க்காததா. ஓட்டியவர் அந்தக் காரின் சொந்தக்காரராக இருந்து, செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது 15 லட்சம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் குடும்பங்கள் மனுப் போடலாம், ஆனால் காருக்கு முழுப் பாலிசி இருந்தால்தான் கம்பெனி கொடுக்கும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் சொந்தக் காரில் வந்தவர்களுக்கு அது சேராது. சம்பளத்துக்கு ஓட்டிய டாக்ஸி டிரைவர் இறந்தால், தவறு அவருடையதாகவே இருந்தாலும், தொழிலாளர் இழப்பீட்டு வழியில் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க இடம் இருக்கிறது. இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் எத்தனை டிரைவர் வீடுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன.

இடித்துவிட்டு நிற்காமல் போய், வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டத்தில் 2 லட்சம் உண்டு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சுற்றுலா வந்து இங்கே உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் மரப்பாலம் பக்கம் தென்காசி பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் போனார்கள். அப்படிப்பட்ட குடும்பம் வழக்குக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை ஏற வேண்டியதில்லை. விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, மனுதாரர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. கூடலூரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கே அடிபட்டவரின் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

சாலையின் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்ததால் போன உயிர்களும் உண்டு. பராமரிக்காத அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. அந்த அபராதம்கூட செத்தவர் வீட்டுக்கு வராது, அரசு நிதிக்குத்தான் போகும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது ஆள், புரோக்கர். "நீங்க ஒண்ணும் செலவு பண்ண வேணாம்மா, வர்றதுல இத்தன பங்கு குடுத்தா போதும்" என்பார். வக்காலத்தோடு சேர்த்து நாலைந்து வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்குவார். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசி வக்கீல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நல்ல வக்கீல்கள் உதகையிலும் குன்னூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பிணவறை வாசலில் நிற்பதில்லை.

அவசரப்படுத்தும் இன்னொரு விஷயம், ஐந்து லட்சம். யார் தவறு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம் தர மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-ஆம் பிரிவு இருக்கிறது. தவறை நிரூபிக்க வழியில்லாத வழக்கில் அது பெரிய உதவி. ஆனால் அந்த வழியில் பணத்தை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிப்பதும் அப்படித்தான். சீக்கிரம் பணம் வரும், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயம் கொடுத்த தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அதனால் லோக் அதாலத்துக்குப் போகும்முன் உங்கள் வழக்குக்கு எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கையில் கொண்டுபோங்கள். கம்பெனி வக்கீல் அவர் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருவார்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று யாரும் விட்டுவிடாதீர்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. கணவரைப் பறிகொடுத்த எந்தப் பெண்ணும் இதில் வருவார். தோடர், கோத்தர், இருளர், பணியர், குறும்பர் குடும்பங்கள் எல்லாம் வரும். உதகையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. மலை இறங்க முடியாதவர்கள் 15100-க்கு போன் செய்தால் போதும். இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கையும் ஒருமுறை புரட்டுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் பிரதமரின் சுரக்ஷா காப்பீடு, அதில் 2 லட்சம் தனியாக உண்டு. அதை அந்த பேங்கிலேயே கேட்டு வாங்கலாம்.