காக்கா நம்ம பேச்சு பேசட்டும்

போன வாரம் அண்ணன் வீட்டு மச்சைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே நான் சின்ன வயதில் சேர்த்து வைத்த பூந்தளிர் சிறுவர் இதழ்கள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தபடி. சிறுவர் கதை எழுத்தாளர் வாண்டுமாமா ஆசிரியராக இருந்த காலத்தவை. வாலை நீளமாக நீட்டும் கபீஷ் குரங்கைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் மகன் நான்காம் வகுப்பு, ஆங்கில வழி. தமிழ்ப் பாடம் என்றால் எழுத்துக்கூட்டி இரண்டு வரி வாசிப்பான், மூன்றாவது வரிக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அன்றைக்குக் குப்புறப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நரியின் கண்ணைப் பார்த்தாலே அது ஏமாற்றப் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. என்ன சொல்லப் போகிறது என்று அவனே முதலில் ஊகிக்கிறான், அப்புறம்தான் எழுத்தைப் பார்க்கிறான். ஊகம் சரியாக இருந்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தச் சூட்டோடு புதிதாக ஒரு படக்கதை வாங்கிக் கொடுத்தேன். நல்ல தாள், நல்ல வண்ணம். ஆனால் நாலாம் பக்கத்திலேயே நின்றுவிட்டான். “சித்தப்பா, இந்தக் காக்கா ஏன் டீச்சர் மாதிரி பேசுது?”

“நண்பா, என் மீது கோபம் கொள்ளாதே” என்றிருந்தது. பென்சிலை எடுத்து அதன் மேலேயே “எலேய் மக்கா, கோவிக்காத” என்று எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று தடவை சத்தமாக வாசித்துவிட்டு, பாட்டியிடம் காட்ட ஓடினான்.

இப்படிப் பழகினால் எழுத்துத் தமிழ் கெட்டுப்போகும் என்கிறார்கள். கெடாது. கட்டத்தின் மேலே வரும் விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், குமிழுக்குள் இருப்பது பேச்சாக இருக்கட்டும். ஒரே பக்கத்தில் இரண்டையும் பார்க்கிற பிள்ளைக்கு எது எங்கே வரும் என்பது தானாகப் பிடிபடும். சத்தங்களும் அப்படித்தான். முதலை தண்ணீரில் விழுந்தால் ‘ஸ்பிளாஷ்’ என்று போடுகிறார்கள். நம்மிடம் ‘தொபுக்கடீர்’ இருக்கிறதே!

அப்புறம், எப்போது பார்த்தாலும் சிங்கமும் புலியும்தானா? உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களில் கூழைக்கடா நிற்கிறது. அந்த அலகுப் பையோடு அது நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் போனால் என்ன ஆகும்? நம் கடலில் கணவாய் இருக்கிறது. துரத்துகிறவன் முகத்தில் கரியைத் துப்பிவிட்டு நழுவுகிற ஆள். ராத்திரியில் பனையேறி அக்கானிக் (பதநீர்) கலயத்தில் வாயை வைக்கும் மரநாய் இருக்கிறது. விலங்கின் நிஜ குணத்திலிருந்து வரும் சிரிப்புதான் பிள்ளைகளிடம் நிற்கும். தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் மட்டும் வேடிக்கை வந்துவிடாது.

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் கடைகளில் மலையாளச் சிறுவர் இதழான பாலரமா தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். இங்கே வரையத் தெரிந்த கைகளுக்குக் குறைவே இல்லை.

கூழைக்கடா கதைக்கு எட்டுப் பக்கம் வசனம் எழுதி வைத்திருக்கிறேன். நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் வரைகிறவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். மரநாயைத் தான்தான் வரைவேன் என்று அண்ணன் மகன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.