பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள்

மார்ஃபான் நோய் (உடலின் இணைப்புத் திசுக்களை வலுவிழக்கச் செய்யும் மரபணு நோய்) உள்ள பெண்கள் கருத்தரிப்பது குறித்துப் பேசும்போது, பிரசவம் நல்லபடியாக முடிந்தால் ஆபத்தும் விலகிவிடும் என்பதுபோல் நிறுத்திக்கொள்வது சரியல்ல. இத்திசுக்களுக்கு வலுவூட்டும் ஃபைப்ரிலின்-1 புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிழையால் ஏற்கெனவே வலுக்குன்றிய பெருந்தமனியின் (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய்) சுவர், கர்ப்பகால ஹார்மோன்களாலும் கூடுதல் இரத்த ஓட்டத்தாலும் மேலும் நலிவடைவதால், அதன் உள்ளடுக்கு கிழிந்து இரத்தம் சுவருக்குள் புகும் அபாயம் குழந்தை பிறந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கிறது. பெருந்தமனி இதயத்தோடு சேரும் வேர்ப்பகுதியின் விட்டம் 45 மில்லிமீட்டரைத் தாண்டியவர்கள் கருத்தரிப்பைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அளவு அதற்குக் குறைவாக இருப்பதாலேயே அச்சமில்லை என்று கொள்ள முடியாது. இந்தக் கிழிசலின் அறிகுறியாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகைப் பிளப்பதுபோல் திடீரென எழும் வலியை, பிள்ளை பெற்ற உடம்பில் வரும் வாய்வுப் பிடிப்பு என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல், உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்து தாய்ப்பாலில் கலந்துவிடும் என்று அஞ்சி, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமலே நிறுத்திவிடுவதும் (இப்படிச் செய்பவர்கள் உண்டு) ஆபத்தானது.